ஃபீல்டரின் கால் பேஸ் ஆகாது

2015 அக்டோபர் 10 அன்று நடந்த பிளேஆஃப் பேஸ்பால் ஆட்டத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் சேஸ் அட்லி இரண்டாவது பேஸருகே சறுக்கி மோதியதில் நியூயார்க் மெட்ஸ் அணியின் ரூபன் தெஹாடாவுக்கு வலது கால் எலும்பு முறிந்தது. அட்லி பேஸைத் தொடவே இல்லை. ஆனால் தெஹாடாவின் காலும் பேஸில் படவில்லை என்று ரீப்ளே காட்டியதால் மோதியவர் ‘சேஃப்’ ஆனார். ஸ்கோரைச் சமன் செய்த ரன்னும் டாட்ஜர்ஸுக்குக் கிடைத்தது. லீக் அட்லிக்கு விதித்த இரண்டு ஆட்டத் தடையும் பிறகு ரத்தானது. இந்த மோதலை ஒருவரின் குணக்கேடாக மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. டபுள் பிளேயில், அதாவது ஒரே அடியில் இருவரை அவுட் ஆக்கும் முயற்சியில், முதல் பேஸிலிருந்து ஓடி வருபவர் பெரும்பாலும் அவுட் ஆகப்போகிறவர்தான். அவர் அணிக்கு மிச்சமிருக்கும் ஆதாயம் ஃபீல்டரின் எறியைக் கெடுப்பது ஒன்றே. ஃபீல்டரோ முதல் பேஸைப் பார்த்து ஒரு காலை ஊன்றி நிற்கிறார், விலக நேரமில்லை. ஆதாயம் ஒருவருக்கு, அபாயம் இன்னொருவருக்கு என்றிருக்கும்வரை அறிவுரை எடுபடாது.

2016-இல் மேஜர் லீக் கொண்டுவந்த விதி இந்தக் கணக்கைத்தான் மாற்றியது. பேஸை எட்டும் முன்பே சறுக்கல் தரையில் தொடங்க வேண்டும். கையோ காலோ பேஸைத் தொட முயல வேண்டும். தொட்டபின் அங்கேயே நிற்க முயல வேண்டும். மோதுவதற்காகப் பாதையை மாற்றக் கூடாது. இவற்றை மீறி எறியைக் கெடுத்தால் ஓடியவர், பந்தை அடித்தவர் இருவருமே அவுட். ஒழுங்காகச் சறுக்கும்போது உடல் உரசினால் குற்றமில்லை. ஆட்டத்தின் வீரமே போய்விட்டது என்கிறவர்கள் இந்தக் கடைசி வரியைப் படிப்பதில்லை. இந்த வேறுபாடு புதிதும் அல்ல: லூசியானா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976-இலேயே, ஒரு சாஃப்ட்பால் வழக்கில், பேஸுக்குச் சறுக்குபவரின் ஷூ ஆணி கிழிப்பது ஃபீல்டர் ஏற்றுக்கொண்ட அபாயம், பேஸிலிருந்து சுமார் ஐந்து அடி தள்ளி நின்றவர் மேல் வழியை விட்டு விலகிப் போய் மோதுவது அப்படியல்ல என்று பிரித்துவிட்டது. 2016 ஏப்ரலில் டொராண்டோ அணியின் ஹோசே பௌதிஸ்டா ஃபீல்டரின் காலைக் கையால் தட்டியதற்கு இரட்டை அவுட் தரப்பட்டு ஆட்டமே முடிந்தது உண்மைதான். யாருக்கும் காயமில்லை, தண்டனை கடுமையாகத் தெரியலாம். ஆனால் காயம் பட்டால்தான் தண்டனை என்றால் அடுத்த தெஹாடாவுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

சிறுவர் ஆட்டங்களில் விதி இன்னும் கறார். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகில் 12 வயது வரையுள்ள பிரிவுகளில் அடுத்த பேஸுக்கு முன்னேறும்போது தலை முன்னே சறுக்கினால் அவுட். ‘கண்டிப்பாகச் சறுக்கு’ என்று கத்தும் பயிற்சியாளர் சொல்வது தவறு: பந்துடன் காத்திருக்கும் ஃபீல்டரைச் சுற்றிப் போக முயன்றாலே போதும். உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் வேண்டுமென்றே முரட்டுத்தனமாக மோதினால் வெளியேற்றம். ஃபீல்டருக்கும் கடமை உண்டு. கையில் பந்தில்லாமல், பந்தைப் பிடிக்கும் நிலையிலும் இல்லாமல் வழியை மறித்தால் அது அவர் தவறு. காயத்துக்குப் பிறகு வழக்குப் போடலாம் என்று நம்புவது பெரும்பாலும் வீண். விளையாட்டோடு ஒட்டிய அபாயங்களுக்கு இழப்பீடு கேட்பது கடினம் என்பதை கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு கல்லூரி பேஸ்பால் வழக்கில் உறுதிசெய்தது. ஆகவே பரிகாரம் மைதானத்திலேயே, அடுத்த பந்து வீசப்படும் முன் கேட்கப்பட வேண்டும். லிட்டில் லீகில் அம்பயரின் கணிப்பை எதிர்த்து முறையீடு செல்லாது. விதியைத் தவறாகப் பொருத்தினால் செல்லும். அதனால் பயிற்சியாளர் கேட்க வேண்டியது, எந்த நிபந்தனை மீறப்பட்டது அல்லது மீறப்படவில்லை என்று அம்பயர் கருதினார் என்பதையே.