5,853% வட்டி: ஓட்டெடுப்பில் தோற்றுக்கொண்டே சட்டத்தை மாற்றிய பிரிட்டன் எம்.பி

ஸ்க்ரீனில் இரண்டு ஸ்லைடர். ஒன்றை நகர்த்தினால் 'எவ்வளவு பணம் வேணும்', இன்னொன்றை நகர்த்தினால் 'எத்தனை நாளைக்கு'. ஓகே கொடுத்தால் சில நிமிஷத்தில் பணம் அக்கவுன்ட்டில். பேங்க் மேனேஜர் இல்லை, ஜாமீன் இல்லை, கேள்வியும் இல்லை.

லோன் ஆப் என்ற வார்த்தையே நமக்குப் பழகாத காலத்தில், பிரிட்டனில் இப்படித்தான் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது 'வோங்கா'. அந்த ஊர் பேச்சுவழக்கில் வோங்கா என்றால் 'துட்டு'. டி.வியில் தாத்தா, பாட்டி பொம்மைகள் வரும் விளம்பரம், நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணியின் ஜெர்சியில் பெயர் என எங்கு திரும்பினாலும் வோங்காதான். அதன் வெப்சைட்டிலேயே பெரிய எழுத்தில் ஓர் எண் இருந்தது. ஆண்டு வட்டி 5,853%.

இந்த எண்ணை நாடாளுமன்றத்துக்குள் திரும்பத் திரும்ப இழுத்துவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்டெல்லா க்ரீஸி. கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோ தொகுதி எம்.பி. 2010-ல் முதல்முறை ஜெயித்து உள்ளே போனபோது அவருடைய தொழிலாளர் கட்சி ஆட்சியை இழந்திருந்தது. அமைச்சர் பதவி இல்லை, மெஜாரிட்டி இல்லை. கையில் இருந்தது பேசும் உரிமையும், மசோதாக்களில் திருத்தம் கொடுக்கும் உரிமையும்தான்.

அதென்ன 5,853?

வோங்கா காட்டிய உதாரணம் இதுதான்: 150 பவுண்டு கடன், 18 நாள் தவணை, கட்டணம் சுமார் 33 பவுண்டு. கிட்டத்தட்ட 22%. அந்தப் பணத்தைக் கட்டாமல் அசலோடு சேர்த்து, அடுத்த 18 நாளுக்கு மறுபடி 22%, அதற்கடுத்த 18 நாளுக்கு மறுபடி 22%... இப்படி வருஷம் முழுக்க 20 தடவை உருட்டினால் வருவதுதான் அந்த நான்கு இலக்க எண். நம்ம ஊர் ராக்கெட் வட்டிகூட இதன் பக்கத்தில் நின்றால் கூச்சப்படும்.

கம்பெனியின் பதில் எளிமையானது. 'யாரும் ஒரு வருஷத்துக்கு வாங்குவதில்லை. சம்பள தேதி வரைக்கும்தான் வாங்குகிறார்கள். அதற்கு ஆண்டு வட்டியைக் கணக்குப் போடுவதே தப்பு.' கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இதனால்தான் இந்தக் கடனுக்கே 'பேடே லோன்' என்று பெயர்.

ஆனால் 2013-ல் அந்நாட்டின் நியாய வர்த்தக அலுவலகம் இந்தத் துறையை ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது. தவணைக்குள் கட்டாமல் ஒருமுறையாவது நீட்டிக்கப்பட்ட கடன்கள் 28%தான். ஆனால் கடன் நிறுவனங்களின் வருமானத்தில் பாதி அந்த 28%-லிருந்து வந்தது. அதாவது, சொன்ன தேதியில் கட்டுபவர் அல்ல, கட்ட முடியாமல் உருட்டிக்கொண்டே போகிறவர்தான் இந்தத் தொழிலின் நல்ல கஸ்டமர்.

அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 16 லட்சம் பேர் ஒரு கோடி பேடே கடன்களை வாங்கினார்கள். மொத்தம் சுமார் 250 கோடி பவுண்டு. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பேங்குகள் கையை இறுக்கிக்கொண்டதும், விலைவாசி ஏறிய அளவுக்குச் சம்பளம் ஏறாததும் இந்தக் கூட்டத்தைப் பெருக்கின.

தோல்வி மேல் தோல்வி

எம்.பி ஆன முதல் வருஷத்திலேயே க்ரீஸி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். கடனுக்கு ஆகும் மொத்தச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்பது சாரம். பிரிட்டனில் அமைச்சரல்லாத எம்.பிக்கள் கொண்டுவரும் இத்தகைய மசோதாக்களில் பெரும்பாலானவை சட்டமாவதே இல்லை. விவாதத்துக்கு நேரம் கிடைப்பதே அபூர்வம். இதுவும் அப்படியே முடிந்தது.

அடுத்த வழி, அரசு கொண்டுவரும் மசோதாவிலேயே ஒரு திருத்தத்தைச் செருகுவது. இங்கேதான் க்ரீஸியின் வேலைமுறை சுவாரஸ்யமானது. நிதி தொடர்பாக எந்த மசோதா வந்தாலும் பேடே கடனை அதற்குள் கொண்டுவர ஒரு வாசல் தேடினார். ஓட்டெடுப்பில் ஆளும் கூட்டணி தோற்கடித்தது. அடுத்த மசோதா வந்தது, மறுபடி எழுந்தார். இந்த நிறுவனங்களுக்கு அவர் வைத்த பெயர் 'சட்டபூர்வ கந்துவட்டிக்காரர்கள்'. செய்தித்தாள்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

தொந்தரவு எவ்வளவு உறைத்தது என்பதற்கு ஓர் உதாரணம். 2012-ல் ட்விட்டரில் க்ரீஸியைத் திட்டிப் பதிவுகள் வந்தன. அவற்றின் பின்னால் இருந்தது வோங்கா ஊழியர் ஒருவர் என்று வெளியே தெரிந்ததும், கம்பெனி அவரிடம் மன்னிப்புக் கேட்டது.

அரசின் வாதத்தையும் கேட்டுவிடுவோம். 'வட்டிக்கு வரம்பு வைத்தால் சட்டபூர்வ கம்பெனிகள் ஓடிவிடும். அவசரத்துக்குப் பணம் தேவைப்படும் ஏழைகள் தெருமுனை ரவுடியிடம்தான் போவார்கள்.' இது வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அரசு கேட்டு பிரிஸ்டல் பல்கலைக்கழகம் தயாரித்து, 2013 மார்ச்சில் வெளியான ஆய்வும் இப்போதைக்கு வரம்பு சிறந்த வழி அல்ல என்ற பக்கமே சாய்ந்தது. பிரச்சினை என்னவென்றால், வரம்பை வைத்துப் பார்க்காதவரை இந்த வாதம் சரியா தப்பா என்று பிரிட்டனில் யாராலும் நிரூபிக்க முடியாது.

பிஷப் கொடுத்த கை

முதல் விரிசல் மேலவையில் விழுந்தது. 2012 நவம்பரில் தொழிலாளர் கட்சியின் மிட்செல் பிரபு, வரம்பு வைக்கும் அதிகாரத்தைக் கட்டுப்பாட்டு அமைப்புக்குக் கொடுக்கும் திருத்தத்தை முன்வைத்தார். கேன்டர்பரி பேராயராக அப்போதுதான் அறிவிக்கப்பட்டிருந்த ஜஸ்டின் வெல்பி அதை ஆதரித்துப் பேசினார். தோற்றுவிடுவோம் என்ற நிலையில் அரசு இறங்கிவந்தது. ஆனால் கொடுத்தது அதிகாரம் மட்டும்தான். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இடையில் ஒரு காமெடியும் நடந்தது. 2013 ஜூலையில், 'உங்களோடு போட்டி போட்டே உங்கள் தொழிலை மூடவைப்போம்' என்கிற ரீதியில் வோங்கா முதலாளியிடம் சொன்னதாக வெல்பி பேட்டி கொடுத்தார். கொஞ்ச நேரத்தில், ஒரு முதலீட்டு நிதி வழியாக அவருடைய சர்ச்சின் பணமே வோங்காவில் இருப்பது செய்தியானது. பேராயர் சங்கடத்தோடு ஒப்புக்கொண்டார்.

2013 நவம்பர் 25 அன்று நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பல்டி அடித்தார். வரம்பு வரும், சட்டத்திலேயே கட்டாயமாக வரும் என்று அறிவித்தார். இவ்வளவு நாளும் அரசுத் தரப்பு எதிர்த்து ஓட்டுப் போட்ட அதே யோசனை. இது க்ரீஸி ஒருவரின் சாதனை என்று எழுதினால் தப்பாகிவிடும். கடன் ஆலோசனை அமைப்புகள், சர்ச், சொந்தக் கட்சியின் மேலவை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளியதுதான். ஆனால் மூன்று வருஷமாக அந்த விஷயத்தை அவையின் மேஜையிலிருந்து இறங்கவிடாமல் வைத்திருந்தவர் அவர்.

வரம்பு வந்தது, என்ன ஆச்சு?

2015 ஜனவரி 2 முதல் அமல். மூன்றே விதிகள். வட்டியும் கட்டணமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 0.8%-ஐத் தாண்டக் கூடாது. தவணை தவறினால் அபராதம் 15 பவுண்டுக்கு மேல் கூடாது. எவ்வளவு நாள் ஆனாலும், வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து, வாங்கிய அசலுக்குச் சமமான தொகைக்கு மேல் கேட்கக் கூடாது.

அந்தப் பழைய உதாரணத்தை இதில் போட்டுப் பார்த்தால், 150 பவுண்டுக்கு 18 நாள் கட்டணம் 21 பவுண்டு 60 பென்ஸ். முன்பு 33. பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றலாம். உண்மையான விஷயம் மூன்றாவது விதி. 150 வாங்கியவர் என்ன ஆனாலும் 300-க்கு மேல் கட்ட வேண்டியதில்லை. கடனை உருட்ட உருட்ட லாபம் என்ற கணக்கு அங்கே உடைந்தது.

இதற்குள் வோங்காவின் மற்ற வேலைகளும் வெளியே வந்துவிட்டன. கட்டாதவர்களை மிரட்ட, இல்லாத வக்கீல் கம்பெனிகளின் பெயரில் போலி லெட்டர் அனுப்பியதற்காக, 2014 ஜூனில் சுமார் 45,000 பேருக்கு 26 லட்சம் பவுண்டு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அக்டோபரில், கட்டும் சக்தியைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்த 3,30,000 பேரின் கடன்களை, மொத்தம் 22 கோடி பவுண்டு, தள்ளுபடி செய்தது. பழைய கஸ்டமர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிய, 2018 ஆகஸ்ட் 30-ல் கம்பெனி விழுந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது பவுண்டுக்கு வெறும் 4 பென்ஸ் சொச்சம்.

சரி, அந்த 'ரவுடியிடம் போவார்கள்' வாதம்? 2017-ல் நிதிக் கட்டுப்பாட்டு ஆணையம் திரும்பிப் பார்த்தது. கடன் மறுக்கப்பட்டவர்கள் சட்டவிரோத வட்டிக்காரர்களிடம் போனதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 7,60,000 பேர் வருஷத்துக்கு மொத்தம் 15 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கிறார்கள் என்றது அதன் கணக்கு. வரம்பு அப்படியே தொடர்ந்தது.

மறுபடியும் அதே பாதை

ஆன்லைன் ஷாப்பிங்கில் 'இப்போ வாங்கு, அப்புறம் கொடு' பட்டனைப் பார்த்திருப்பீர்கள். க்ளார்னா, க்ளியர்பே போன்ற நிறுவனங்கள் பிரிட்டனில் வேகமாக வளர்ந்தபோது, அடுத்த வோங்கா இதுதான் என்று எச்சரித்தவரும் க்ரீஸிதான். இதில் பெரும்பாலும் வட்டி கிடையாது. அதனாலேயே கடன் சட்டத்தின் பிடிக்குள்ளும் வரவில்லை. 5,853 மாதிரி பார்த்தவுடன் அதிரவைக்கும் எண் எதுவும் கையில் இல்லாததால், ஆபத்தை விளக்குவது இன்னும் கஷ்டம்.

2021 ஜனவரியில் இதையும் ஒழுங்குபடுத்தச் சொல்லி ஒரு திருத்தம் கொடுத்தார். தோற்றது. அடுத்த மாதமே கட்டுப்பாட்டு ஆணையத்துக்கான ஓர் ஆய்வறிக்கை, இது அவசரமாக ஒழுங்குபடுத்தப்பட வேண்டியது என்று சொல்ல, அரசு சரி என்றது. பிறகு ஆலோசனை, வரைவு, ஆட்சி மாற்றம், மறுபடி ஆலோசனை. 2024-ல் க்ரீஸியின் கட்சியே ஆட்சிக்கு வந்தது. சட்டம் 2025-ல் நிறைவேறியது. கடன் கொடுக்கும் முன் கட்டும் சக்தியைப் பார்க்க வேண்டும், பிரச்சினை என்றால் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பவை அதன் முக்கிய அம்சங்கள். அமலுக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டது 2026 ஜூலை 15. அந்தத் திருத்தம் தோற்று ஐந்தரை வருஷம் கழித்து.