யந்திரத்தின் தாகம்

ஏரி நிறைய ஜலம் இருக்கும்போது, அதன்மேல் மிதக்கும் படகின் யந்திரம் ஜலமில்லாமல் வெந்து போகுமா என்று நேயர்கள் கேட்கலாம். போகும், அதற்கு ஒரு கைப்பிடி பாசி போதும்.

டீசல் யந்திரத்தில் எரியும் எண்ணெயின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே படகைத் தள்ளும் வேலைக்கு உதவுகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடும். எஞ்சியது யந்திரத்தின் இரும்பையே சுடுகிறது. மோட்டார் வண்டிக்கு எதிர்க்காற்று உண்டு. படகின் அடித்தட்டில் அடைபட்டுக் கிடக்கும் யந்திரத்துக்கு அது ஏது? ஆகவே படகின் அடியிலுள்ள துவாரத்தின் வழியே வெளிஜலத்தை உறிஞ்சி, உஷ்ணத்தை அதில் ஏற்றி, புகையோடு சேர்த்து வெளியே தள்ளுகிறார்கள். வரும் ஜலம் முதலில் ஒரு வால்வையும், அடுத்து ஒரு வடிகட்டியையும் கடந்தே பம்புக்குப் போகவேண்டும். பம்பினுள் சுழல்வது ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம். அதற்கு ஜலமே மசகெண்ணெயும் ஆகும். ஜலம் நின்றால் ஓரிரு நிமிஷங்களில் இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டுகளோ குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். புதுச் சக்கரம் போடுகிறவர் பழைய துண்டுகளை எல்லாம் தேடி எடுக்காவிட்டால் பட்ட பாடு வீண்.

இதைத் தடுக்கும் வித்தை மிக எளியது. தினமும் காலையில் வால்வை அடைத்து, வடிகட்டியின் மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் கூடையை எடுத்துக் கழுவவேண்டும். மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால், ஜலத்துக்குப் பதில் காற்று உள்ளே புகும். வடிகட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ படகிற்குள்ளேயே ஜலம் நிறையும். வால்வைத் திறந்து யந்திரத்தை முடுக்கியதும், பின்புறம் சென்று புகையோடு ஜலமும் கொப்புளிக்கிறதா என்று பார்க்கவேண்டும். படகின் பின்பலகையில் மாட்டும் சிறு மோட்டார்களில் பக்கவாட்டில் ஒரு மெல்லிய தாரை பீச்சும். தாரை நின்றால் யந்திரத்தையும் உடனே நிறுத்துவதுதான் விவேகம். சூடேறிய யந்திரத்தின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் காணலாம். தானாக ஆறும்வரை பொறுக்கவேண்டும்.

இந்த விஷயத்தை ஓசூரை முன்னிட்டு நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தேசம் விடுதலை பெற்ற மறு வருஷம், 1948-ல், சென்னைக்கருகே தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1980-ல் ஓசூரிலும் அதன் தொழிற்சாலை எழுந்தது. யந்திரம் செய்யும் ஊர் என்று ஓசூருக்கு இன்று கீர்த்தி. ஆனால் அவ்வூரை அடுத்து ஓடும் தென்பெண்ணையின் ஜலத்தை எந்த யந்திரத்துக்கு நம்பிக் கொடுப்பது?

நந்தி மலையில் பிறக்கும் இந்நதியில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் கழிவும் கலக்கிறது. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரியிலிருந்து தீயும் புகையுமே எழுந்தன. எல்லை கடந்து கெலவரப்பள்ளி அணைக்கு வந்ததும், மதகுகளுக்குக் கீழே வெண்ணுரை மலைபோல் குவிவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். நுரை என்பது பெரும்பாலும் காற்று. அது பம்பின் தாகத்தைத் தீர்க்காது. கழிவின் உரத்தில் ஆகாயத்தாமரை செழிக்கிறது. அதன் வேர் கூடையை அடைக்கிறது. சேறோ வடிகட்டிக்கும் அகப்படாமல் உள்ளே போய்க் குழாய்களில் படிகிறது.

உல்லாசப் படகு நடு ஏரியில் நின்றால் சற்று நேரச் சங்கடத்தோடு போகும். வெள்ளத்தில் நின்றால்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் ஜனங்களைப் படகுகளில் மீட்கவேண்டியதாயிற்று. அத்தகைய வெள்ளம் வைக்கோலையும் கந்தலையும் பிளாஸ்டிக் பைகளையும் அள்ளிக்கொண்டு வரும். அதில் யந்திரம் நின்ற படகு வெறும் மிதக்கும் கட்டை. அதிலிருப்பவர்களையும் கூரைமேல் காத்திருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

பரிகாரங்கள் இல்லாமல் இல்லை. இரண்டு வடிகட்டிகளை வைத்து, ஒன்றைக் கழுவும்போது மற்றொன்றை வேலை செய்ய விடலாம். சேறும் பாசியும் மிகுந்த இடங்களில், படகின் அடிப்புறத்திலேயே மூடிய குழாய்களைப் பதித்து, சுத்த ஜலம் அவற்றில் சுற்றி வந்து குளிரும்படி செய்யலாம்; அப்போது வெளிஜலம் யந்திரத்தைச் சுற்றி வரவேண்டியதே இல்லை. மாற்று ரப்பர் சக்கரம் ஒன்று எப்போதும் படகிலேயே இருக்கட்டும்.

ஆனால் கூடையில் தினமும் சேர்வது எங்கிருந்து வந்தது? பெங்களூரின் சாக்கடையை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அதில் நம் வீட்டுப் பைகளும், நம் தெரு வாய்க்காலின் குப்பையும் உண்டு. நல்ல யந்திரம் செய்யக் கற்ற தேசம், அது குடிக்கத்தக்க ஜலத்தையும் காத்துக் கொடுக்கக் கற்கவேண்டாமா?

அடுத்த முறை குழந்தைகளுடன் விசைப்படகு ஏறச் செல்லும்போது, படகோட்டி குனிந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். கழுவாமலே புறப்படுகிறவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள்.