கறுப்பியின் வயிற்றில் ஒரு கட்டி

சில ஆண்டுகளுக்கு முன்னர், மன்னார்ப் பெருநிலத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். ஞாயிறு பூசை முடிந்து சனங்கள் கலைந்த பின்னரும் ஓர் அம்மா கோவில் விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுத்திட்டப் பட்டியலைப் பற்றிக் கேட்கத்தான் நிற்கிறார் என்று எண்ணினோம். அந்நாட்களில் எம்மிடம் வருவோர் அதைத்தான் கேட்பார்கள்.

"சுவாமி, ஒண்டு கேட்டா சிரிக்கமாட்டீங்கள்தானே?" என்று தொடங்கினார். "எங்கட கறுப்பிக்கு முலையடியில ஒரு கட்டி. டொக்டரிட்டக் கொண்டு போறதா, விடுறதா?"

நாம் சிரிக்கவில்லை. அதைவிடப் பெரிய பிழையொன்றைச் செய்தோம். நாய் எப்போது குட்டி போட்டது என்று கேட்டோம். மூன்று மாதத்துக்கு முன் என்றார். "அப்ப பால் கட்டியிருக்கும் அம்மா, தானா வத்திப்போகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். கறுப்பியை நாம் பார்க்கவுமில்லை, தொடவுமில்லை.

மிருக வைத்தியரிடம் கேட்க வேண்டியதை ஏன் எம்மிடம் வந்து கேட்டார் என்பது பின்னர்தான் விளங்கியது. அவருக்கு மருத்துவம் அல்ல, அனுமதி வேண்டியிருந்தது. "மனிசருக்கே மருந்து வாங்கக் காசில்ல, நாய்க்கு டொக்டராம்" என்று அயலில் ஒருவர் சொல்லியிருக்கிறார். கணவரை இழந்த பெண். கட்டுக்கரைக்குளத்து வாய்க்காலை நம்பி ஒன்றரை ஏக்கர் வயல், கூப்பிட்ட இடத்துக்குக் கூலிக்குப் போகும் மகன், நகை அடகு. அந்தச் சொல் அவரைச் சுட்டிருக்கிறது.

கறுப்பி எப்படி வந்தது என்பதை எமது வாசகர்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. 2008இல் அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் புறப்பட்டபோது மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். அப்போதிருந்த நாய் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடி வந்து, ஒரு சந்தியில் நின்றுவிட்டது. 2009இல் செட்டிகுளத்து முகாம். 2010இல் திரும்பி வந்தபோது கூரையுமில்லை, வேலியுமில்லை, குரைக்க ஒரு நாயுமில்லை. பிறகு எங்கிருந்தோ வந்து சேர்ந்த குட்டிதான் கறுப்பி. நெல் கதிர் தள்ளும் காலத்தில் பன்றி வரும் இரவுகளில் காவற்கொட்டிலில் அந்த அம்மா தனியே படுத்திருப்பார். பன்றியின் மணம் முதலில் கறுப்பிக்குத்தான் தெரியும். அந்தக் காவலுக்குக் கூலி கொடுப்பதானால் எத்தனை மூடை நெல் போகும் என்று கணக்குப் பார்த்தால், அயலவரின் சொல் அவ்வளவு நியாயமாகத் தெரியாது.

ஆனாலும் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் எண்ணில் இவ்விடயத்தின் இரு பக்கங்களையும் தொடுகிறது. விலங்குகளைத் தேவையின்றி வருத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. மனிதரின் துயர் தீர்க்க முதலில் செலவிடவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. அயலவர் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டார். செல்லப் பிராணிக்காகக் கடன்பட்டுக் கொழும்புக்கு ஓடுகிறவர் மற்றப் பாதியைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டுமானால், முதலில் கட்டி என்னவென்று அறியவேண்டும். அறியாமல் எடுத்த முடிவு சிக்கனமுமல்ல, இரக்கமுமல்ல. எமது பிழை அங்கேதான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மாவின் வளவுக்குப் போனோம். பாக்களவில் இருந்த கட்டி எலுமிச்சங்காயளவாகியிருந்தது. அடிவயிற்றின் பின்பக்கத்தில், தோல் மினுங்கிச் சிவந்திருந்தது. "வத்தேல்ல சுவாமி" என்றார். அதில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. இருந்திருந்தால் எமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அதன் பின்னர் மிருக வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் நாம் அறிந்துகொண்டவற்றை, இன்னொரு வீட்டில் இதே பிழை நடக்காதிருக்க எழுதுகிறோம்.

நாயின் உடம்பில் தட்டுப்படுவதெல்லாம் புற்றுநோயல்ல. இரத்தம் குடித்து ஊதிய உண்ணியைக் கட்டியென்று பயந்து வந்தவர்கள் உண்டு. ஆண் நாயின் முலைக்காம்பை உண்ணியென்று நினைத்து இழுத்துக் கடிவாங்கிய இளைஞர் ஒருவரும் எமது பங்கில் உண்டு. (ஆண் நாய்க்கும் முலைக்காம்பு உண்டு, தயவுசெய்து இழுக்கவேண்டாம்.) நாய்ச் சண்டைக்குப் பின் ஓரிரு நாளில் திடீரென்று வீங்கி, சுடுவதாகவும் தொட்டால் நோவதாகவும் இருப்பது பெரும்பாலும் சீழ்க்கட்டி. காதுமடல் பை போல் வீங்கினால் உள்ளே இரத்தம் தேங்கியிருக்கக்கூடும். குட்டிகளின் உதட்டிலும் வாயிலும் வரும் பாலுண்ணிகள் பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே மறையும். வயதான நாயின் தோலுக்கடியில் மெதுவாக, அசையக்கூடியதாக இருப்பது வெறும் கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம். ஆனால் கையால் தடவி மாத்திரம் அதை நிச்சயமாகச் சொல்ல வைத்தியராலும் இயலாது. மெல்லிய ஊசியைக் கட்டியில் குத்தி, வரும் கலங்களைக் கண்ணாடித் துண்டில் தடவி, நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். சில வேளை அதுவும் போதாது.

எமது நாட்டு நாய்களில் இன்னொன்றும் உண்டு. நுளம்பினால் பரவும் ஒருவகை நூற்புழு நாயின் தோலுக்கடியில் வாழ்கிறது. சில நாய்களில் அது சிறு முடிச்சாகத் தட்டுப்படும். அந்த நாயைக் கடித்த நுளம்பு பின்னர் எம்மைக் கடித்தால் எமது தோலிலும், கண்ணோரத்திலுங்கூட, கட்டி வரலாம். இலங்கையில் சிறுபிள்ளைகளிலும் இது காணப்பட்டுள்ளது. நாயைத் தொடுவதால் இது தொற்றாது. ஆகவே நாயைத் துரத்துவதில் பயனில்லை. நுளம்பு பெருகும் இடங்களைத் துப்புரவாக்குவதில் பயனுண்டு.

தெருவில் திரியும் நாய்களில் பிறப்புறுப்பிலிருந்து இரத்தம் சொட்டி, கோவாப்பூப் போன்ற ஒரு கட்டி வெளிப்படுவதுண்டு. இது இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் புற்று. பார்ப்பதற்கு அருவருப்பானது என்பதால் பல நாய்களை இதற்காகவே அடித்து விரட்டுகிறார்கள். உண்மையில் நன்றாகக் குணமாகும் புற்றுக்களில் இதுவும் ஒன்று. வின்கிறிஸ்ரின் என்னும் மருந்தை வாரத்துக்கு ஒருமுறை வைத்தியர் நாளத்தில் ஏற்றினால் பெரும்பாலானவை சில வாரங்களில் வற்றிவிடும்.

கருத்தடை செய்யாத பெட்டை நாயின் முலைக்கட்டிதான் மிகுந்த கவனத்துக்குரியது. நாய்க்கு வழமையாக ஐந்து சோடி முலைகள். பின்னாலுள்ள இரண்டு சோடிகளிலேயே கட்டிகள் கூடுதலாக வருகின்றன. இவற்றில் ஏறத்தாழப் பாதி ஆபத்தற்றவை. மற்றப் பாதி புற்று. மூன்று சென்ரிமீற்றருக்குச் சிறியதாக இருக்கும்போதே வெட்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கறுப்பியின் கட்டி பாக்களவில் இருந்த நாளில்தான் அந்த அம்மா எம்மிடம் வந்தார்.

நாய் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகக் கிடக்கும் வேளையில், பழகிய ஒருவர் தலையைத் தடவிக்கொண்டிருக்க, மற்றவர் தாடையடியிலிருந்து வால்வரை கையால் வருடிப் பார்க்கலாம். நோவிலிருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். வாயை ஒரு துணிப்பட்டியால், கழராமலும் மூச்சு முட்டாமலும், கட்டுவது நல்லது. கடித்துவிட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குப் போங்கள். கட்டி தட்டுப்பட்டால் ஒரு நூலை அதைச் சுற்றிப் பிடித்து, அளவில் முடிச்சிட்டு, சுவரிலுள்ள கலண்டரில் அந்தத் திகதியிலேயே தொங்கவிடுங்கள். ஒரு மாதத்தில் நூல் போதாமற் போனால் காத்திருக்க இனி ஒன்றுமில்லை. முலையில் என்றாலோ, புண்ணாகி உடைந்தாலோ, நாய் மெலிந்தாலோ அந்த ஒரு மாதமும் வேண்டாம். மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில், சுண்ணாம்பு பூசுவதும், சூடு வைப்பதும், பனடோல் கரைத்துக் கொடுப்பதும் கூடாது. எமக்கு நோவைத் தணிக்கும் குளிசைகள் நாயின் ஈரலையும் குடலையும் கெடுக்கக்கூடும்.

அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிகளுக்காக இயங்குபவை. வைத்தியர் வெளியே போகும் நாட்கள் அதிகம். பால் சேகரிப்பவரிடம் கேட்டால் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று சொல்வார். போவதால் சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்ததாகாது. என்ன கட்டி, விட்டுவிட்டால் என்ன ஆகும், மருந்தும் ஏற்றிறக்கமும் சேர்த்து எல்லாமாக எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து யோசிக்கலாம். இதில் வெட்கமில்லை. எமக்குத் தெரிந்த வைத்தியர்கள், காசில்லை என்று முதலிலேயே சொல்பவரையே விரும்புகிறார்கள்.

கறுப்பியை மகனின் லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனோம். வைத்தியர் அக்குளையும் கவட்டையும் அழுத்திப் பார்த்தார். பின்கால் கவட்டில் நெல்லிக்காயளவு இன்னொன்று இருந்தது. மூச்சைக் கேட்டார். நெஞ்சை எக்ஸ்றே எடுக்காமல் வெட்டுவது வீண் வேதனையாகலாம் என்றும், அதற்குத் தூர இடத்துக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார். நான்கு மாதத்துக்கு முன் கொண்டுவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நாம் கேட்டோம். "அங்கேயே வெட்டியிருப்பேன், பாதர்" என்றார்.

அந்த அம்மா வெட்டவேண்டாமென்று தீர்மானித்தார். விதைப்புக்கான காசு மடியில் இருந்தது, அதை எடுக்கவில்லை. அவர் எடுத்தது பிழையென்று நாம் நினைக்கவில்லை. நோவுக்கு நாய்க்குரிய மருந்தை வைத்தியர் கொடுத்தார். கட்டியை உப்பு நீரால் கழுவி, இலையான் மொய்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் போகம் முழுவதும் கறுப்பி காவற்கொட்டிலுக்குப் போனது. அறுவடை முடிந்த பின்னர் மூச்சு வாங்கத் தொடங்கிச் சோற்றை மணந்துவிட்டு விலகியது. வைத்தியர் அவ்வழியே மாடுகளுக்குத் தடுப்பூசி போட வந்த நாளில், வேப்பமரத்தடியில், ஓர் ஊசியில் அதன் வேதனை முடிந்தது. மகன் குழி வெட்டினார். அம்மா வெளியே வரவில்லை.

பூர்வீகத்தை இழந்து நினிவேயில் வாழ்ந்த தோபித்தின் கதையில், மகன் பயணம் புறப்படும்போது நாயும் கூடப் போகிறது. ஏன் என்று கதை சொல்வதில்லை. அகதிக் குடும்பம் என்றால் ஒரு நாய் பின்னால் வரும் என்பது அதை எழுதியவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

கறுப்பியின் கடைசி ஈற்றில் ஒரு பெட்டைக்குட்டியை அம்மா வைத்துக்கொண்டிருந்தார். முதற் பருவம் வருமுன் கருத்தடை செய்தால் முலைக்கட்டி வரும் வாய்ப்பு மிகவும் குறையும் என்றும், குட்டி போடாதிருக்க ஏற்றும் ஹோர்மோன் ஊசி அதைக் கூட்டும் என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். அம்மாவே குட்டியை உரப்பையில் தலை வெளியே தெரியக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். அலுவலகத்தில் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். கறுப்பி என்றுதான் பதிந்திருக்கிறது. குட்டி செம்மஞ்சள் நிறம்.