தந்திக்குள் ஓர் எஃகு இதயம்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு



நவம்பர் 22ஆம் நாள் இசையின் பாதுகாவலியாகிய புனித செசிலியாவின் திருநாள். சென்ற ஆண்டு அத்திருநாள் திருப்பலியில் எங்கள் பாடகர் குழுவின் மூன்று வயலின்களும் ஒலித்திருக்க வேண்டும். இரண்டுதான் ஒலித்தன. மூன்றாவது, அதுவும் நமக்கெல்லாம் இசை கற்பித்து மறைந்த சிஸ்டர் ஒருவர் விட்டுச் சென்ற பழைய வயலின், பெட்டிக்குள் ஊமையாய்க் கிடந்தது. குற்றம் வேறு யாருடையதும் அன்று, எங்களுடையதே. தந்தி வாங்கத் தெரியாமல் வாங்கினோம். மாட்டத் தெரியாமல் மாட்டினோம். அதிலிருந்து கற்றுக்கொண்டதைத் தங்கைமாருக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வயலின் ஐரோப்பாவில் பிறந்தபோது அதன் தந்திகள் ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்யப்பட்டவை. குடல் தந்தியின் நாதம் இனிமையானது. ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் அது சுருதி மாறும். விரைவில் அறுந்தும் போகும். முத்துசுவாமி தீட்சிதரின் இளவலான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) வயலின் கற்று அதனைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்த காலத்திலும் குடல் தந்திகளே வழக்கில் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிக மெல்லிய முதல் தந்திக்கு எஃகுக் கம்பி பரவலாயிற்று. 1919இல் வியன்னா நகரில் தொடங்கப்பட்ட தோமாஸ்டிக் நிறுவனம் நான்கு தந்திகளுக்குமே எஃகை உள்ளே வைத்துச் செய்வதில் முன்னோடியாக விளங்கியது. அதே நிறுவனம் 1970இல் செயற்கை இழையை உள்ளே வைத்த 'டாமினண்ட்' தந்தியை வெளியிட்டது. ஆகவே இன்று கடையில் குடல், செயற்கை இழை, எஃகு என மூவகை உண்டு.

'எஃகுத் தந்தி என்றால் முழுவதும் எஃகுதானே?' என்று நாங்களும் நினைத்தோம். முதல் தந்தி மட்டுமே பெரும்பாலும் வெறும் கம்பி. மற்ற மூன்றிலும் நடுவில் எஃகு. அதன் மேல் அலுமினியம், குரோமியம், வெள்ளி போன்ற உலோகத்தின் மெல்லிய நாடா நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். இப்படிச் சுற்றுவது ஏன்?

விடை சொல்பவர் ஒரு துறவி! மினிம் சபையைச் சேர்ந்த அருட்தந்தை மரேன் மெர்சென் (1588–1648) பிரான்சு நாட்டவர். 1636இல் அவர் வெளியிட்ட இசை நூலில் தந்தியின் விதிகளைக் கூறினார். தந்தி நீளமானால் சுருதி தாழும்; இறுக்கினால் உயரும்; கனமானால் தாழும். இந்த மூன்றே விதிகளுக்குள் தந்திக் கடை முழுவதும் அடங்கிவிடுகிறது.

நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வயலினில் ஒலிக்கும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 32.5 செ.மீ. 0.26 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி நொடிக்கு 659 முறை அதிர வேண்டுமானால் சுமார் 7.8 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற இழுவிசை தேவை. அதே கம்பியை நொடிக்கு 196 அதிர்வுள்ள நான்காம் தந்தியாக மாட்டினால் இழுவிசை வெறும் 0.7 கிலோதான்! துணி காயப்போடும் கொடி போலத் தொய்ந்துவிடும். சரி, தடித்த கம்பி போடலாம் என்றால், 5 கிலோ இழுவிசைக்கு 0.7 மி.மீ. தடிமன் வேண்டும். அது வளையாத குச்சி போலாகி, வில்லுக்கு இணங்காது. எனவேதான் உள்ளே மெல்லிய எஃகு, வெளியே கனமான சுற்று. எஃகு வலிமை தருகிறது. சுற்று எடை தருகிறது.

நடுவிலுள்ள எஃகும் இரு வகை. ஒன்று, ஒற்றைக் கம்பி. இது விலை குறைவு, உழைப்பு அதிகம், ஒலி பளிச்சென்று இருக்கும். டடாரியோ நிறுவனத்தின் 'பிரலூட்' இவ்வகை. மற்றொன்று, பல மெல்லிய கம்பிகளைக் கயிறு போல முறுக்கியது. இது எளிதில் வளையும். ஒலி சற்றுக் குழைவாக இருக்கும். அதே நிறுவனத்தின் 'ஹெலிகோர்', தோமாஸ்டிக்கின் 'சூப்பர்ஃப்ளெக்ஸிபிள்' ஆகியவை இவ்வகை. உங்கள் வயலின் இயல்பாகவே கீச்சென்று ஒலிப்பதாயின் ஒற்றைக் கம்பி அதை மேலும் கீச்சிட வைக்கும்; முறுக்குக் கம்பியே நல்லது. மந்தமாக ஒலிப்பதாயின் ஒற்றைக் கம்பி அதனைத் தட்டி எழுப்பும். பலர் மாறி மாறி வாசிக்கும் பள்ளி வயலினுக்கு, ஈரத்திற்கு அஞ்சாத எஃகு ஏற்றதே.

அடுத்தது கனம். ஒரே பெயருள்ள தந்தியிலும் மெல்லியது, நடுத்தரம், கனமானது என்று உண்டு. இங்கேதான் நாங்கள் முதலில் தவறினோம். 'கனமானது' என்றால் உறுதியானது, நெடுநாள் வரும் என்று எண்ணி அதையே வாங்கினோம். உண்மையில் அது அதிக இழுவிசை கேட்கும் தந்தி. நடுத்தரத் தந்திகள் நான்கும் சேர்ந்தே 20 கிலோவுக்கு மேல் இழுக்கும். பழைய வயலினின் மெல்லிய மேற்பலகைக்கு வீண் சுமை எதற்கு?

ஆனால் கனமான தந்திக்கும் ஓரிடம் உண்டு. கர்நாடக இசையில் தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம். 5 கட்டையில் சேர்த்தால் கீழிரண்டு தந்திகளும் மேலைநாட்டு முறையிலேயே அமைந்துவிடும். மேலிரண்டு தந்திகள் மட்டும் ஒரு முழுச்சுரம் இறங்கும். முன்சொன்ன முதல் தந்தியின் இழுவிசை 7.8 கிலோவிலிருந்து 6.2 கிலோவாகும். பாதகமில்லை. ஆனால் 1 கட்டையில் சேர்த்தால் அது 2.8 கிலோவாகிவிடும்! அப்போது தந்தி தளர்ந்து, வில்லை அழுத்தினாலே சுருதி விலகும். தாழ்ந்த சுருதியில் வாசிப்பவர் கனமான தந்தியை நாடுவது இதனால்தான். ஆக, 'நல்ல தந்தி எது?' என்று கேட்பதற்கு முன் 'எந்தச் சுருதிக்கு?' என்று கேட்க வேண்டும்.

கடைக்குச் செல்லுமுன் இன்னும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வயலினின் அளவு: ஆறாம் வகுப்புத் தங்கையின் முக்கால் வயலினுக்கு முழு வயலின் தந்தி சரிவராது. இரண்டு, முதல் தந்தியின் அடிமுனை: அது குண்டா, வளையமா என்று பழைய தந்தியைப் பார்த்து வாங்க வேண்டும். மூன்று, 'ஃபைன் ட்யூனர்' என்னும் சிறு திருகாணி: எஃகு மிகக் குறைவாகவே நீளும், ஆதலால் பிரடையை இம்மி திருப்பினாலும் சுருதி தாவிவிடும், அறுந்தும் விடும். எஃகுத் தந்தி போடும்போது நான்கிற்கும் இத்திருகாணி இருத்தல் நலம்.

இனி எங்கள் இரண்டாவது, பெரிய தவறு. துடைப்பதற்கு வசதியாக இருக்குமென்று நான்கு தந்திகளையும் ஒரே வேளையில் கழற்றிவிட்டோம். குதிரை சாய்ந்து விழுந்தது. அதைவிட மோசம், வயலினுக்குள் ஏதோ உருண்டோடும் சத்தம் கேட்டது. உள்ளே மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒரு மரக்குச்சி நிற்கிறது. அது ஒட்டப்பட்டதன்று, தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. அது விழுந்துவிட்டது. மறுநாள் திருநாள். எங்களால் அழத்தான் முடிந்தது.

எங்கள் இசை ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. "பிரெஞ்சிலும் இத்தாலியிலும் அந்தக் குச்சிக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஆன்மா'!" என்று மட்டும் சொன்னார்கள். பழுது பார்ப்பவர் வளைந்த கருவி ஒன்றை ஒலித்துளை வழியே நுழைத்து, பொறுமையாக அதனை நிறுத்தினார். ஆகவே மறவாதீர்கள்: ஒரு தந்தியைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதை மாட்டிச் சற்று இறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். குதிரையின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்தால் தந்தி வழுக்கிச் செல்லும். இறுக்க இறுக்கக் குதிரை முன்புறம் சாயும். அவ்வப்போது நிமிர்த்த வேண்டும். வாசித்து முடித்ததும் வியர்வையையும் ரோசின் தூளையும் உலர்ந்த துணியால் துடைத்தால் எஃகு துருப்பிடிக்காது.

இப்போது அந்தப் பழைய வயலினில் நடுத்தர, முறுக்குக் கம்பித் தந்திகள் இருக்கின்றன. இவ்வாண்டுத் திருநாளுக்கு அதை வாசிக்கப்போவது எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி. நாங்கள் பள்ளியை விட்டுச் செல்லுமுன் அவளுக்குத் தந்தி மாட்டக் கற்பித்துவிட்டோம், ஒவ்வொன்றாக.

பளபளக்கும் சுற்றைத்தான் கண் காண்கிறது. பாரத்தைத் தாங்குவது உள்ளிருக்கும் எஃகு. நாதத்தைப் பரப்புவது அதனினும் உள்ளிருக்கும் ஆன்மா. எங்களை உருவாக்கிய சிஸ்டர்மாரும் ஆசிரியைகளும் பெற்றோரும் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார்கள் என்பதை, விழுந்த அந்தச் சிறு குச்சிதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.