பைஜாமா மேல்சட்டையும் 42 மலைகளும்

1932 ஜூன் 13. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே கெஸ்விக் என்றொரு சின்ன ஊர். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, ஊர் நடுவில் நிற்கும் மூட் ஹால் என்ற பழைய மண்டபத்து வாசலிலிருந்து ஒருவர் புறப்பட்டார். காலில் சாதாரண டென்னிஸ் ஷூ. இடுப்பில் முழங்கால் வரை தொங்கும் அரைக்கால் சட்டை. மேலுக்குப் போட்டிருந்தது, படுக்கப் போகும்போது உடுத்தும் பைஜாமா மேல்சட்டை. பெயர் பாப் கிரஹாம். மலை பார்க்க வருபவர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுக்கும் விடுதி நடத்தியவர். அவர் அதே வாசலுக்குத் திரும்பி வந்தபோது 23 மணி 39 நிமிடம் ஆகியிருந்தது. இடையில் 42 சிகரங்களைத் தொட்டிருந்தார்.

தூரம் ஏறக்குறைய 106 கிலோமீட்டர். ஏறிய உயரத்தை எல்லாம் கூட்டினால் 8,200 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சிக்கு மூன்று முறை ஏறினாலும் அந்தக் கணக்கு நிரம்பாது. ஏறியது அத்தனையும் இறங்கவும் வேண்டும். ஓடுகிறவர்களைக் கேட்டால் தொடையை உடைப்பது இறக்கம்தான் என்பார்கள். வழியில் கிரஹாம் சாப்பிட்டது ரொட்டி, வெண்ணெய், அரைவேக்காட்டு முட்டை, பழம், மிட்டாய்.

வயதுக்கு ஒன்று என்று 42 சிகரங்களை எண்ணி எடுத்தார் என்று சொல்வதுண்டு. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. ஓட்டத்துக்கு முன்பே அவர் அந்த மலைகளை வெறுங்காலில் நடந்து பழகியிருந்தார். ஷூ தேயாது, பாதம் உரமேறும், எந்தச் சரிவில் புல் வழுக்கும், எங்கே கல் உருளும் என்பதைக் கால் தானாகவே கற்றுக்கொள்ளும். மலையோட்டக்காரர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் கடைசியில் இந்த வெறுங்காலிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அடுத்த 28 ஆண்டுகள் யாராலும் அந்தச் சுற்றை 24 மணி நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. கிரஹாம் முடித்ததையே நம்பாதவர்கள் இருந்தார்கள். 1960-ல் ஆலன் ஹீட்டன் 22 மணி 18 நிமிடத்தில் ஓடிக் காட்டிய பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. 1971-ல் இதற்கென்றே ஒரு மன்றம் தொடங்கினார்கள். 24 மணி நேரத்துக்குள் முடித்தவர் மட்டுமே அதில் உறுப்பினர் ஆகலாம். இன்றுவரை இரண்டாயிரம் பேருக்கு மேல் முடித்திருக்கிறார்கள்.

இது போட்டி அல்ல. மார்பில் ஒட்டிக்கொள்ள எண் கிடையாது. பரிசுத் தொகை கிடையாது. புறப்படச் சொல்லித் துப்பாக்கி சுடுபவரும் கிடையாது. ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஒருவர் இருந்து நேரத்தைக் குறித்துச் சாட்சி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வட்டாரத்தில் மலைக்கு ‘ஃபெல்’ என்று பெயர். அதனால் இந்த ஓட்டம் ‘ஃபெல் ரன்னிங்’. அடையாளக் கொடி நட்ட பாதையில் ஓடுவது வேறு, இது வேறு. பல இடங்களில் ஒற்றையடிப் பாதைகூட இருக்காது. புதர், சேறு, கருங்கல் சரிவு, ஆட்டுத் தடம் எல்லாவற்றுக்கும் நடுவே எது குறுக்குவழி என்பதை ஓடுகிறவரே கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் இந்தச் சுற்றுக்குத் தயாராகிறவர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று சனி ஞாயிறுகளை மலையில் கழிக்கிறார்கள். சுற்றை ஐந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பகலில் ஒரு முறை, இரவில் தலைவிளக்கோடு ஒரு முறை, பனிமூட்டத்தில் ஒரு முறை என்று ஓடிப் பார்க்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரெக்கி’. பட்டாளத்தில் வேவு பார்ப்பதற்குச் சொல்லும் அதே வார்த்தை. மூட்டத்தில் பத்தடி தள்ளி எதுவும் தெரியாதபோது, இடது பக்கம் பிளந்த பாறை வந்தால் வலதுபுறம் இறங்கு என்று சொல்லிக் கொடுப்பது அந்தச் சனிக்கிழமைகள்தான்.

ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த ஓட்டத்தின் குணம் புரியும். சாலை ஓட்டக்காரர்களின் ஷூவில் குதிகாலுக்கடியில் மெத்தை போலத் தடித்த பஞ்சு இருக்கும். ஃபெல் ஷூவில் அது பெயருக்குத்தான். அடிப்பாகம் மெல்லியது, அதிலிருந்து ரப்பர் முளைகள் பல்வரிசை போலத் துருத்திக்கொண்டு நிற்கும். பாதம் தரையை ஒட்டி இருந்தால்தான் சாய்ந்த கல்லில் கணுக்கால் பிசகாமல் தப்பிக்கும். முளைகளுக்கு இடையே அகலமாக இடைவெளி விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் சேறு அப்பிக்கொண்டு, நாலு எட்டு வைப்பதற்குள் அடிப்பாகம் மொழுமொழுவென்று ஆகிவிடும். தண்ணீர் புகாத ஷூ வேண்டாமா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். சதுப்பில் முழங்கால் வரை இறங்கினால் தண்ணீர் மேல்வழியாக உள்ளே வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் சீக்கிரம் வெளியே போக வேண்டும் என்பதே அங்கே கவலை.

பையில் இருப்பவை அதைவிட எளிமையானவை. தலைமூடியோடு மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, குல்லா, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசரத்துக்குக் கொஞ்சம் தின்பண்டம். மலைப் பந்தயங்கள் பலவற்றில் இவை இல்லாமல் ஓடவே விடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பில் துளியும் தவறில்லை. இந்தச் சுற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சீத்வெயிட் என்ற குக்கிராமத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஜூன் மாதத்திலும் உச்சியில் குளிர்காற்று நனைந்த உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். விசிலை ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதினால் ஆபத்தில் இருப்பதாக அர்த்தம்.

சாப்பாட்டு விஷயத்தில் பல பேர் ஜெல், சக்தி பானம் எல்லாம் கொண்டுபோகிறார்கள். ஆனால் பதினைந்து மணி நேரம் ஓடிய வயிறு இனிப்பைக் கண்டாலே குமட்டும். அப்போது கை தேடுவது உப்புத் தடவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, ஜாம் ரொட்டி, சூடான தேநீர், டப்பாவில் வரும் ரைஸ் புட்டிங். இது நம் பால் பாயசத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. மெல்ல வேண்டிய வேலை இல்லை, தொண்டையில் தானாக இறங்கும்.

சுற்றின் வழியில் வருகிறது ஸ்காஃபெல் பைக், இங்கிலாந்திலேயே உயரமான சிகரம், 978 மீட்டர். அதைத் தாண்டியதும் பிராட் ஸ்டாண்ட் என்ற பாறைச் சுவர் குறுக்கே நிற்கிறது. சிலர் கயிறு பிடித்து ஏறுகிறார்கள். சிலர் சுற்றிப் போகிறார்கள். பிறகு கீழே வாஸ்டேல் பள்ளத்தாக்கு. அங்கே வண்டி நிற்கும், நண்பர்கள் இருப்பார்கள், உட்கார நாற்காலி இருக்கும். எதிரே யூபாரோ மலை செங்குத்தாக எழும்பி நிற்கும். பலருடைய முயற்சி அந்த நாற்காலியோடு முடிந்துபோகிறது.

அந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைதான் ஜாஸ் நெய்லர். 1936-ல் பிறந்த ஆட்டுப் பண்ணைக்காரர். சின்ன வயதில் முதுகில் அடிபட்டு, தண்டுவட வட்டுகளை அறுவை செய்து எடுக்க வேண்டி வந்தது. பட்டாளச் சேவைக்கே தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர். 1960-ல் ஒரு மலைப் பந்தயம் தன் ஊர் வழியே வந்தபோது, வேலைக்குப் போடும் பூட்ஸோடு, முழங்காலில் வெட்டிய கால்சட்டையோடு போய்ச் சேர்ந்துகொண்டார். 1975-ல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்கள். ஐம்பதாவது வயதில், வெய்ன்ரைட் என்பவர் தம் வழிகாட்டி நூல்களில் விவரித்த லேக் டிஸ்ட்ரிக்டின் 214 மலைகளையும் ஏழு நாளும் ஒன்றரை மணி நேரமும் போதாத பொழுதில் ஓடி முடித்தார். எழுபதாவது வயதில் எழுபது சிகரங்கள். இத்தனைக்கும் ஆடுகளைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினார். மந்தையைத் திரட்ட மலையேறுவதே அவருக்குப் பயிற்சி. 2024 ஜூனில் 88 வயதில் காலமானார்.

இந்தச் சுற்றின் வேகச் சாதனையை 1982-ல் 13 மணி 53 நிமிடமாகக் குறைத்த பில்லி பிளாண்ட், பக்கத்துப் பள்ளத்தாக்கில் கல்வேலை செய்தவர். 36 ஆண்டு அது அசையவில்லை. 2018-ல் உலகப் புகழ்பெற்ற மலையோட்ட வீரர் கிலியன் ஜோர்னெட் 12 மணி 52 நிமிடத்தில் ஓடி வந்தபோது, மூட் ஹால் வாசலில் காத்திருந்து வரவேற்றவர்களில் பில்லியும் இருந்தார். அந்தச் சாதனையும் 2022-ல் ஜாக் குன்ஸ்லியிடம் போய்விட்டது.

ஆனால் சாதனைக்காரர்களைவிட மனதில் நிற்பவர் நிக்கி ஸ்பிங்க்ஸ். யார்க்‌ஷயரில் மாட்டுப் பண்ணை நடத்துபவர். 2006-ல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. பத்து ஆண்டு கழித்து, 2016-ல், சுற்றை ஒரு முறை முடித்து, திரும்பி மறுபடியும் ஓடினார். இரண்டு சுற்றும் சேர்த்து 45 மணி 30 நிமிடம்.

விடுதிக்காரர், ஆட்டுக்காரர், கல்வேலைக்காரர், மாட்டுப் பண்ணைக்காரி. ஓட்டத்தால் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இவர்களில் யாருக்கும் இருந்ததில்லை. இன்றும் இந்தச் சுற்றுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள்தான். விடியுமுன் எழுந்து வீட்டுப் பக்கத்து மேட்டை நாலு முறை ஏறி இறங்கிவிட்டுத்தான் அலுவலகத்துக்குக் கிளம்புகிறார்கள்.

அவர்களுக்குள் எழுதாத கணக்கு ஒன்று உண்டு. தனக்கென்று சுற்றைத் தொடங்குவதற்கு முன் ஒருவர் பிறருடைய சுற்றுகளில் மூட்டை சுமந்திருப்பார்; நடுராத்திரி காற்றில் நடுங்கிக்கொண்டு சிகரத்தில் நேரம் குறித்திருப்பார்; யாருக்கோ உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்திருப்பார். அவருடைய முறை வரும்போது அந்த ஆட்கள் வருவார்கள். முடித்தபின் 42 நேரங்களையும் எழுதி மன்றத்துக்கு அனுப்பிவிட்டு, கால் வீக்கம் வடிந்த கையோடு, இன்னொருவருடைய தண்ணீரையும் மழைச்சட்டையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு அவரே யூபாரோவில் ஏறிக்கொண்டிருப்பார்.