குப்பைமேனியும் காஞ்சொறியும்: பேராக் தோட்டத்துப் பச்சிலைகளின் பயனும் ஆபத்தும் சட்டப் பாதுகாப்பும்

முகப்பொலிவுக்கும் முடி வளர்ச்சிக்கும் மூட்டுவலிக்கும் உகந்ததென்று கைப்பேசிக் காணொளிகளிலும் புலனச் செய்திகளிலும் புகழப்படும் ‘நெட்டில்’ என்னும் மூலிகையின் பெயரால் உண்மையில் வெவ்வேறு செடிகள் குறிக்கப்படுகின்றன. ஐரோப்பா முதலிய குளிர்ப் பகுதிகளில் வளரும் ‘அர்டிகா டையோய்கா’ என்பதே ஆய்வு நூல்கள் பேசும் நெட்டில்; அது மலேசியாவுக்கு உலர்ந்த இலையாகவும் மாத்திரையாகவும் ஷாம்புவாகவும் இறக்குமதியாகிறது. தொட்டதும் அரிக்கும் சுணையுள்ள காஞ்சொறி அல்லது செந்தட்டி, தமிழகத்துப் பச்சிலை மருத்துவம் அறிந்த வேறொரு கொடி. ஆங்கிலத்தில் ‘இந்திய நெட்டில்’ என்றும் வழங்கப்படும் குப்பைமேனியோ சுணையற்றது. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், பீடோர், பத்து காஜா வட்டாரங்களில் பால்மரம் நின்ற இடம் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிய பின்னும், வீட்டுப் புறக்கடையிலும் வடிகால் ஓரத்திலும் தானே முளைப்பது இக்குப்பைமேனியே. ஒரு செடிக்குச் சொன்ன பயனை மற்றொரு செடியில் தேடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. மலேசியக் காடுகளில் ‘ஜெலாத்தாங்’ எனப்படும் செடியினங்கள் கடுமையான எரிச்சலையும் வலியையும் தருவன என்பதால், அவற்றை நெட்டில் என்று கருதிப் பறிப்பது அறவே கூடாது.

ஐரோப்பிய நெட்டிலின் சுணையில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், ஃபார்மிக் அமிலம் ஆகியவை உள்ளன. வேகவைத்தாலோ உலர்த்தினாலோ அதன் அரிப்பு நீங்கி, இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் கே வைட்டமினும் நிறைந்த கீரையாகிறது. லேசான மூட்டுவலிக்கும், சிறுநீரைப் பெருக்கவும் அவ்விலையைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய மருந்து முகமை நீண்டகால வழக்கத்தின் அடிப்படையில் ஏற்றுள்ளதே தவிர, மருத்துவச் சோதனையில் மெய்ப்பிக்கப்பட்ட மருந்தென்று ஏற்கவில்லை. கூந்தலை வளர்க்கும் என்னும் கூற்றுக்கு மனிதர்களிடம் நடத்திய வலுவான சோதனைச் சான்று கிடையாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கே வைட்டமினுக்கு எதிராகச் செயல்படுவதால், அம்மாத்திரையை உண்பவர் இக்கீரையைத் திடீரென மிகுதியாகச் சேர்த்தால் மருந்தின் பயன் குறையக்கூடும். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுப்போரும் கருவுற்றோரும் மருத்துவரிடம் கேளாமல் இதை மருந்தாக உட்கொள்ளலாகாது.

குப்பைமேனியின் கதை இதைவிட நெருக்கமானது. மருத்துவ வசதி குறைந்த தோட்டப்புறங்களில், சொறி சிரங்குக்கு உப்போடு அரைத்துப் பூசவும், முகத்து ரோமத்தைக் குறைக்க மஞ்சளோடு குழைத்துத் தடவவும், குழந்தையின் சளிக்குச் சாறு பிழிந்து புகட்டவும் இதுவே கைமருந்தாயிற்று. அந்த அறிவு இகழத்தக்கதன்று. அதன் சாற்றுக்குக் கிருமிகளை ஒடுக்கும் திறன் இருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் ஆய்வகத் தட்டில் கண்டது மனித உடலுக்கான அளவையும் பாதுகாப்பையும் தீர்மானிக்காது; ரோமம் உதிரும் என்பதற்கும் தக்க சான்றில்லை.

இச்செடியின் மிகப் பெரிய ஆபத்தை எடுத்துரைத்தவர்கள் இலங்கை மருத்துவர்கள். குப்பைமேனி சேர்ந்த இலைக்கஞ்சியைக் குடித்த பின், ஜி6பிடி குறைபாடுள்ளோருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் கூட்டமாகச் சிதைந்ததை அவர்கள் 1990களின் நடுவில் மருத்துவ இதழ்களில் பதிவு செய்தனர். ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைச் சில வேதிப்பொருள்களின் தாக்குதலிலிருந்து காக்கும் நொதி, அதாவது உடலின் வேதிவினைகளை நடத்தும் புரதம். இதற்குரிய மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருப்பதால் ஆண்களிடம் குறைபாடு மிகுதி, பெண்களுக்கும் வரக்கூடும். குறைபாடுள்ளவர் நலமாகவே வாழ்வார், ஆனால் நாஃப்தலின் அந்துருண்டை, சில மருந்துகள், குப்பைமேனி போன்றவற்றுக்கு ஆளானால் ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகி, உடல் வெளிறி, மூச்சு வாங்கத் தொடங்கும். மலேசிய அரசு மருத்துவமனைகள் 1980களில் தொடங்கிப் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறைபாட்டைச் சோதித்து வருவதால், இளம் தலைமுறையினரின் நிலை பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன் தோட்டத்து லயங்களில் பிறந்த பெரியவர்கள் பலர் தம் நிலையை அறியாமலேயே குப்பைமேனிச் சாற்றைக் குடிக்கின்றனர் என்பதே கவலைக்குரியது. பேரப்பிள்ளைக்குப் பச்சிலை புகட்டும் முன் அக்குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டைப் பார்ப்பதும், பெரியவர்கள் கிளினிக்கில் இரத்தச் சோதனை கேட்பதும் முதல் காப்பு.

செடி முளைக்கும் நிலமும் கவனத்துக்குரியது. தோட்டங்களில் நெடுங்காலம் களைக்கொல்லியாகத் தெளிக்கப்பட்ட பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. களைக்கொல்லி தெளித்த பெண் தொழிலாளரின் துயரத்தைத் தொழிலாளர் உரிமைக்காகப் போராடும் தெனாகனித்தா அமைப்பு 2002இலேயே ஆவணமாக்கியிருந்தது. அத்தடைக்குப் பின்னும் வேறு களைக்கொல்லிகள் தெளிக்கப்படுகின்றன; களை என்று கருதப்படும் குப்பைமேனியின் மீதும் அவை விழுகின்றன. கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச்சுரங்க நிலங்களில் ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்கள் தங்கியிருக்க வாய்ப்புண்டு. கழுவுவதால் மண்ணிலிருந்து செடி உறிஞ்சியது நீங்காது.

கடையில் வாங்குவோருக்குச் சட்டம் சில பிடிமானங்களைத் தருகிறது. மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாடு குறித்த 1984ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, நோய்க்கென விற்கும் மூலிகை மாத்திரை ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கும் பதிவெண்ணைப் பெற்றிருக்க வேண்டும்; பாரம்பரிய மருந்தாயின் அவ்வெண்ணோடு ‘டி’ எழுத்து வரும். முகப்பூச்சும் ஷாம்புவும் ‘என்.ஓ.டி.’ எனத் தொடங்கும் அறிவிப்பெண் உடையவையாக இருத்தல் வேண்டும். அவற்றை நோய் தீர்க்கும் பொருளாக விளம்பரப்படுத்துதல் கூடாது. இவ்வெண்களைச் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பாரம்பரிய மருந்தின் பதிவெண் தரத்தையும் பாதுகாப்பையும் ஆராய்ந்து தரப்படுவதேயன்றி, குணம் உறுதி என்பதற்கான சான்றிதழாகாது. நீரிழிவையும் புற்றுநோயையும் சிறுநீரக நோயையும் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. எனவே முகநூல் நேரலையில் நெட்டில் தேநீருக்கு அப்படியொரு பெருமை சொல்பவர் சட்டத்தை மீறுகிறார்.

மூலிகையை உட்கொண்ட பின் உடலில் மாற்றம் தெரிந்தால் உடனே அதை நிறுத்தி, செடியின் கிளையையோ புட்டியையோ எடுத்துக்கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். எதை உண்டார் என்பதை மறைத்தால் நோயறிதல் தாமதமாகும். மருத்துவர்கள் நஞ்சு குறித்த ஆலோசனையைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையத்திடம் பெறலாம். மருந்தின் பக்கவிளைவை நோயாளியே ஒழுங்குமுறை முகமைக்கு எழுதித் தெரிவிக்கவும் வழியுண்டு. ஏமாற்றி விற்ற பொருளுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தால் அமைந்த தீர்ப்பாயத்தை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றி, 3 ஆண்டுகளுக்குள் அணுகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். ஆனால் உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் இழப்பீடு வழங்கும் அதிகாரம் அத்தீர்ப்பாயத்துக்கு இல்லை. அத்தகைய வழக்கு சிவில் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டியிருப்பதால், கொள்முதல் ரசீது, எஞ்சிய பொருள், விளம்பரத்தின் திரைப்பதிவு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பாதுகாத்து வைத்தல் இன்றியமையாதது.