எல்லை தாண்டிய தாளம் - 9: பாபிலோனில் ஓர் இஸ்ரயேல்

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. செய்தித்தாளில் வரும் நாடு இஸ்ரேல். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் செங்கடலைக் கடக்கும் கூட்டம் இஸ்ரவேல், கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இஸ்ரயேல். எழுத்தைப் பார்த்தே எது எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். போலிஷ் மொழியில் அந்த வசதி கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். 1983இல் வார்சாவில் இருபதைத் தாண்டிய இரண்டு பையன்கள் தங்கள் ரெக்கே குழுவுக்கு அந்தச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது மேற்காசியா அல்ல, ஜமைக்கா. ரஸ்தஃபாரிகளுக்கு இஸ்ரயேல் என்றால் அடிமைப்பட்டுக் கிடந்து வீடு திரும்பக் காத்திருக்கும் ஜனம். ஆனால் ஒரு பெயரை வைத்த பிறகு, அதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது வைத்தவர் கையிலா இருக்கிறது?

சென்ற வாரம் லண்டனில் நிறுத்தியிருந்தோம். ராக்ஸி கிளப்பில் பங்க் இசைத்தட்டுகள் போதாமல், டான் லெட்ஸ் ரெக்கே தட்டுகளைச் சுழலவிட்ட கதை அது. அந்தச் சங்கதி இரும்புத் திரையைத் தாண்டி வார்சாவுக்கு வந்தது கேசட்டில். போலிஷ் வானொலியின் மூன்றாம் அலைவரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டு ஆல்பத்தை முழுசாக ஒலிபரப்புவார்கள். வீட்டில் இருப்பவன் ரெகார்டர் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பான். அப்படிப் பிடித்த கேசட் பத்துக் கை மாறும். பத்தாவது நகலில் பாட்டைவிட இரைச்சல் அதிகமாக இருக்கும், அதுவும் இசையில் சேர்த்திதான்.

குழுவுக்குப் பெயர் வைத்த அந்த இருவரில் ஒருவர் ராபர்ட் பிரிலெஃப்ஸ்கி. 1961இல் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் 'ஷ்லோன்ஸ்க்' என்ற அரசு நாட்டுப்புற ஆடல் பாடல் குழுவின் கலைஞர்கள். பூப்போட்ட பாவாடை, ஒரே சீராகத் தூக்கும் கால்கள், வெளிநாட்டு விருந்தாளி வந்தால் மேடையேற்றம்: சோஷலிசப் போலந்து உலகத்துக்குக் காட்ட விரும்பிய முகம் அது. அந்தக் குழுவின் நிழலில் வளர்ந்த பிள்ளை பதினெட்டு வயதில் 'கிரிஸிஸ்' என்று ஒரு பங்க் குழு தொடங்கியது. 'நெருக்கடி' என்று பொருள். பிறகு தோமாஷ் லிபின்ஸ்கியோடு சேர்ந்து 'பிரிகாடா கிரிஸிஸ்'. இன்னொருவர் பாவெல் ரோஸ்வதோவ்ஸ்கி, 'டாய்ட்டர்' என்ற பங்க் குழுவிலிருந்து வந்தவர். ஊரே அவரைக் கூப்பிட்டது 'கெல்னர்' என்று. ஹோட்டல் சர்வர் என்று அர்த்தம்.

1981 மே மாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 11ஆம் தேதி பாப் மார்லி இறந்தார். 13ஆம் தேதி ரோமில், போலந்து மண்ணின் பிள்ளையான போப் இரண்டாம் ஜான் பால் சுடப்பட்டார், பிழைத்துக்கொண்டார். 28ஆம் தேதி போலந்துத் திருச்சபையின் தலைவர் கர்தினால் விஷின்ஸ்கி காலமானார். டிசம்பர் 13 விடியும்போது தெருவில் டாங்கிகள் நின்றன, தொலைபேசிகள் ஊமையாகிவிட்டன. ஆட்சித் தலைவர் ஜெனரல் யாருஸெல்ஸ்கியின் இராணுவச் சட்டம். இறைச்சிக்கு ரேஷன் அட்டை, இரவில் ஊரடங்கு. பிரிகாடா கிரிஸிஸ் தன் கறுப்பு அட்டை ஆல்பத்தை 1982இல் அந்தச் சட்டத்தின்கீழ்தான் பதிவு செய்தது. அந்த ஆண்டிலேயே குழுவும் கலைந்தது. இன்றைக்கும் போலிஷ் ராக்கின் உச்சங்களில் ஒன்றாக அந்த ஆல்பத்தை எண்ணுகிறார்கள். அதிலேயே பங்க் கோபத்துக்கு நடுவில் ரெக்கே எட்டிப் பார்ப்பதைக் கேட்கலாம்.

கோபத்தில் இருந்த ஒருவன் வேகமான பங்க்கை விட்டுவிட்டு இந்த ஆடி அசைந்து வரும் தாளத்துக்கு ஏன் போக வேண்டும்? மேசையில் தட்டிப் பாருங்கள், ஒரு பதில் கிடைக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாக எண்ணுங்கள். ரெக்கேயின் முன்னோடியான ஸ்காவில் கிட்டார் இந்த எண்களின் மேல் விழாது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நாம் 'உம்' கொட்டுகிற இடத்தில் விழும். ஒன்-உம், ரெண்டு-உம். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது அரை இடம் தள்ளி வரும் எடுப்பு மாதிரி. ஆனால் எடுப்பு வரியின் தொடக்கத்தில் ஒரு முறை வந்து போய்விடும், ஸ்கா கிட்டார் பாட்டு முடிகிற வரைக்கும் அந்த அரை இடத்திலேயே குடியிருக்கும். வேகத்தை நன்றாகக் குறைத்தால் ரெக்கே. அப்போது இன்னொன்றும் நடக்கிறது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், ஒன்றாவது எண்ணில் பேசாமல் இருந்துவிட்டு மூன்றில் மட்டும் இறங்குகிறது. 'ஒன் டிராப்' என்பார்கள். எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு முதல் படி இல்லாத மாடியேறுவதுபோல் இருக்கும்.

இராணுவ அணிவகுப்பில் ஒன்றுதான் ராஜா. இடது கால் ஒன்றில் விழாவிட்டால் அணியே குலையும். தெருவெல்லாம் பூட்ஸ் சத்தம் கேட்ட நாட்டில், ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிடும் தாளம் பையன்களுக்கு என்னவோ செய்திருக்கிறது என்பது என் ஊகம். ஊகம்தான். மிதி டிரம்முக்குப் போலிஷில் 'ஸ்தோபா' என்று பெயர், பாதம் என்று பொருள். இஸ்ரயேல் குழுவில் பின்னால் வந்து சேர்ந்த டிரம்மர் பியோத்தர் ஷிஷெலேவிச்சுக்கும் பட்டப்பெயர் அதுவே: ஸ்தோபா. அவருடைய வாசிப்பைக் கேட்க நேர்ந்தால், எங்கே அடிக்கிறார் என்பதை விட்டுவிட்டு எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று கவனியுங்கள்.

பெயருக்கு வருவோம். அந்தக் காலத்தில் மேடையில் பாடும் ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். தணிக்கைத் தலைமையகம் வார்சாவில் மிஷியா தெருவில் இருந்தது. தெருப் பெயருக்குச் சுண்டெலித் தெரு என்று அர்த்தம், நான் கற்பிக்கவில்லை. அரசாங்கம், கட்சி, சோவியத் யூனியன் என்ற சொற்களைக் கண்டால் அங்கே கத்தரி எழும். பாபிலோன் என்று எழுதியிருந்தால்? பாபிலோன் வீழ்ந்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகிறது, அதைத் திட்டுபவன்மேல் எந்த விதியின்கீழ் நடவடிக்கை எடுப்பது? ஜமைக்காவில் பாபிலோன் என்றால் போலீஸ், அதிகாரம், அடிமை வியாபாரம் செய்த வெள்ளைக்காரன். வார்சாவில் அது யார் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போகும் கத்தோலிக்க நாடு அது. சீயோன், யாத்திராகமம், சிறையிருப்பு எல்லாம் பாட்டி மடியிலேயே கேட்டவை. லண்டன் வெள்ளைப் பையனுக்கு ரஸ்தா பாஷை வெளிநாட்டுச் சரக்கு. போலந்துப் பையனுக்கு அது வீட்டுச் சரக்கு, ஒரு சுற்று கரீபியனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஜமைக்கர்கள் கடவுளைச் சொல்லும் 'ஜா'வைப் போலிஷ் எழுத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் இஸ்ரயேல் என்ற சொல் அங்கே இன்னொரு பூட்டையும் திறக்கும். போருக்கு முன் போலந்தில் ஏறக்குறைய 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். வார்சாவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் யூதர். நாஜிகள் சுமார் 30 லட்சம் பேரைக் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்களில் பதின்மூவாயிரம் பேருக்கு மேல் 1968இல் கட்சியே கிளப்பிவிட்ட யூத வெறுப்புப் பிரசாரத்துக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போனார்கள். இஸ்ரேல் நாட்டோடு போலந்து 1967இல் முறித்த உறவு 1990 வரை ஒட்டவில்லை. அப்படிப்பட்ட ஊரில் 1983இல் சுவரொட்டியில் ஒற்றைச் சொல்லாக அந்தப் பெயர். ஜமைக்காவை நினைத்து வைத்த பெயர்தான், ஆனால் வைத்தவர்களின் வயதைவிட அது கனம். அவர்கள் அதைத் தெரிந்தே வைத்தார்களா, விளையாட்டாக வைத்தார்களா என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு விருப்பமில்லை. கேட்டவன் காதில் மூன்று இஸ்ரயேலும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கும்.

குழுவின் முதல் ஆல்பத்தின் தலைப்பு 'பியாதா, பியாதா, பியாதா'. ஐயோ, ஐயோ, ஐயோ. பைபிளின் கடைசிப் புத்தகத்தில் நடுவானில் பறக்கும் கழுகு உலகத்தாரைப் பார்த்துக் கூவும் சொல். போலந்தின் அரசு முத்திரையிலும் ஒரு வெள்ளைக் கழுகு உண்டு. தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். 1983இல் பதிவான இந்தப் பாட்டுகள் தட்டாக வெளிவர 1985 ஆயிற்று. எல்லாமே அரசு கையில் இருந்த காலம், வினைல் வரிசையில் நிற்க வேண்டும். அப்போது அங்கே இசைத்தட்டு அழுத்திய ஆலைகளில் ஒன்று பியோன்கி என்ற ஊரின் 'ப்ரோனித்'. அது பிறப்பால் வெடிமருந்து ஆலை. இரண்டாவது ஆல்பம் 'நாபிய் ஃபாயெ', 'குழாயை அடைத்துப் பற்றவை' என்கிற தொனியில் ஒரு தலைப்பு. ஐயோவிலிருந்து புகைக்குழாய்க்கு இரண்டே எட்டு. என் காதுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதலாவதில் ரெக்கே வாசிக்கும் பங்க் பையன்கள் தெரிகிறார்கள், இரண்டாவதில் ஒரு ரெக்கே குழு தெரிகிறது. டாரெக் மலெயோனெக், பாடகி விவியன் க்வார்கூ, கிளாரினெட் வாசித்துக்கொண்டே ரஸ்தஃபாரி பற்றி எழுதவும் செய்த ஸ்லாவோமிர் கோவாஷெஃப்ஸ்கி என்று ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கெல்னர் முதல் ஆல்பக் காலத்தில்தான் முக்கியமாக இருந்தவர், பிறகு குழு பிரிலெஃப்ஸ்கியின் தோளில் ஏறியது.

யாரோசின் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் நடந்த ராக் விழாவும், வார்சாவில் 1983இல் தொடங்கிய 'ருப்ரெகே'யும் இவர்களுக்கு மேடை கொடுத்தன. ருப்ரெகே என்றால் 'ரெக்கே பண்ணு'. அதிலும் ஒரு கட்டளைத் தொனி இருப்பது வேடிக்கை.

1989இல் பாபிலோன் தானாகவே விழுந்தது. எதிரி போன பிறகு எதிர்ப்புப் பாட்டுக்காரன் என்ன செய்வான்? '1991' என்று ஓர் ஆல்பம் வந்தது, தொண்ணூறுகளின் நடுவில் குழு ஓய்ந்தது. சுவாரசியம் அதற்குப் பிறகுதான். ரஸ்தாவின் பைபிளைப் பிடித்துக்கொண்டு போன மலெயோனெக் கடைசியில் உள்ளூர்க் கோவில் வாசலில் வந்து நின்றார். வெளிப்படையான கத்தோலிக்க விசுவாசியாகி, புதிய ஏற்பாட்டின் வசன எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ராக் குழுவில் பாடினார். அதே சமயம் 'மாலேயோ ரெக்கே ராக்கர்ஸ்' நடத்தி ரெக்கேயையும் விடவில்லை. பிரிலெஃப்ஸ்கி அந்தப் பக்கம் போகவில்லை. தன் நீண்ட நேர்காணல் நூலுக்கு 2012இல் அவர் வைத்த தலைப்பே 'பாபிலோனில் நெருக்கடி'. இருவரும் ஒரே பாட்டைத்தான் பாடியிருந்தார்கள்.

2008இல் குழு மீண்டும் கூடி 'ஜா லூஜியெ' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. 'ஜாவின் மக்கள்'. அதற்கு ஒலிக்கலவை செய்தவர் லண்டனின் மேட் புரொஃபசர், ரெக்கேயின் கிளையான டப் இசையின் பெரிய கை. இரைச்சல் கேசட்டில் லண்டனிலிருந்து வந்த சத்தம், நல்ல கருவிகளில் பதிவாகி லண்டனுக்கே போய்த் திரும்பியது. ஸ்தோபா 2011 மே மாதம் இறந்தார், மூளையில் இரத்தக் கசிவு. பிரிலெஃப்ஸ்கி 2018 ஜனவரியில் வார்சாவில் ஒருவரால் அடித்து வீழ்த்தப்பட்டார். நாலு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்து ஜூன் 3 அன்று இறந்தார். வயது 57. இராணுவச் சட்டத்தையும் தணிக்கையையும் தாண்டி வந்த ஆள்.

அடுத்த வாரம் வார்சாவை விட்டுத் தெற்கே, தாத்ரா மலையடிவாரத்துக்குப் போகிறோம். ஜமைக்காவின் ட்விங்கிள் பிரதர்ஸ் தலைவர் நார்மன் கிராண்ட், கம்பளிக் கால்சட்டை போட்ட மலைநாட்டு வயலின்காரர்கள் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து பாடிய கதைக்காக.

(தொடரும்)